ஒரு சிர்க்கான் துகளைக் கேட்டால் செம்பு இருக்குமிடம் தெரியுமா?

கேள்வி இதுதான்: "முதுகலை நிலவியல் படிக்கிறேன். சிர்க்கான், அபடைட், பயோடைட் மாதிரியான கனிமங்களின் வேதியியலை அளந்தால், அந்தப் பாறையில் செம்புத் தாது இருக்கிறதா என்று சொல்லிவிடலாம் என்று வகுப்பில் சொன்னார்கள். உண்மையிலேயே முடியுமா? புராஜெக்ட்டுக்கு எந்தக் கனிமத்தை எடுப்பது?"

பாதி முடியும். அந்தப் பாறையை உண்டாக்கிய மாக்மாவுக்கு, அதாவது பூமிக்கடியில் உருகிய பாறைக் குழம்புக்கு, செம்புத் தாது உண்டாக்கும் தகுதி இருந்ததா என்பதைச் சில கனிமங்கள் சொல்லும். அந்தத் தகுதி கடைசியில் தாதுவாக முடிந்ததா, முடிந்தது என்றால் எந்தப் பக்கம், எவ்வளவு தூரத்தில் என்பதை வேறு கனிமங்களிடம் போய்த்தான் கேட்க வேண்டும். ஒவ்வொரு கனிமமும் தான் வளர்ந்துகொண்டிருந்த நேரத்தில் தன்னைச் சுற்றி என்ன இருந்ததோ அதைத்தான் உள்ளே வைத்திருக்கும், அதற்கு முன்னால் நடந்ததும் பின்னால் நடந்ததும் அதற்குத் தெரியாது. இதை மறந்துவிட்டு எண்களை வரைபடத்தில் புள்ளி வைத்து முடிவு எழுதுகிற கட்டுரைகள் நிறைய வருகின்றன, அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

செம்புப் படிவுகள் பல வகை. ஜாம்பியாவில் இருப்பது வண்டல் பாறைகளுக்குள் உண்டானது, சைப்ரஸில் இருப்பது பழைய கடலடி எரிமலைகளோடு சேர்ந்தது. நான் இங்கே போர்ஃபிரி வகையை (மாக்மா உறைந்த பாறையிலும் அதைச் சுற்றியும் செம்பு சிறு துணுக்குகளாகப் பரவியிருக்கும் பெரிய படிவு) பற்றி மட்டும் பேசுகிறேன், ஏனென்றால் உலகத்துக்குக் கிடைக்கும் செம்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு அதிலிருந்துதான் வருகிறது, கனிம வேதியியலும் அங்கேதான் அதிகம் வளர்ந்திருக்கிறது. சிலியின் எல் டெனியென்டே, சுக்கிகமாட்டா, எஸ்கொண்டிடா, அமெரிக்காவின் பிங்கம் கேன்யன், இந்தோனேசியாவின் கிராஸ்பெர்க், பாட்டு ஹிஜாவ் எல்லாம் இந்த வகைதான்.

முதலில் ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பூமியின் கண்ட மேலோட்டில் சராசரியாக ஒரு டன் பாறைக்கு 27 கிராம் செம்புதான் இருக்கிறது. சுரங்கம் தோண்ட டன்னுக்கு 5 கிலோவாவது வேண்டும் என்று வைத்துக்கொண்டால், இயற்கை அதை ஏறத்தாழ 185 மடங்கு திரட்டியாக வேண்டும். இன்னொரு பக்கத்திலிருந்து பாருங்கள். டன்னுக்கு 50 கிராம் செம்பு கரைந்திருக்கும் சாதாரண மாக்மா ஒரு கன கி.மீ. இருந்தால் அது சுமார் 250 கோடி டன் எடை, அதில் இருக்கும் செம்பு 1,25,000 டன். 1 கோடி டன் செம்புள்ள ஒரு படிவுக்கு 80 கன கி.மீ. மாக்மாவிலிருந்து கடைசித் துளி வரை பிழிந்தெடுக்க வேண்டும். பாதிதான் வெளியே வரும் என்றால் 160 கன கி.மீ. ஆக, செம்பு அதிசயமாக நிறைந்த மாக்மா வேண்டும் என்பதில்லை. சாதாரண மாக்மா நிறைய வேண்டும், அதிலுள்ள செம்பு வழியில் எங்கும் தொலைந்துபோகாமல் மேலே வந்து ஓரிடத்தில் இறங்க வேண்டும். கனிம வேதியியலின் வேலை, அந்தச் செம்பு வழியில் எங்கே தொலைந்தது, எங்கே தப்பித்தது என்று தடம் பார்ப்பதுதான்.

முதல் ஆபத்து கந்தகம். மாக்மாவில் கந்தகம் இரண்டு வேடத்தில் இருக்கும், ஆக்சிஜன் குறைவாக இருந்தால் சல்ஃபைடாக, கூடுதலாக இருந்தால் சல்ஃபேட்டாக. சல்ஃபைடு மாக்மாவில் அதிகம் கரையாது, கொஞ்சம் கூடினாலே சின்னச் சின்ன உருகிய சல்ஃபைடு துளிகளாகப் பிரிந்துவிடும். செம்புக்கு அந்தத் துளிகள்மேல் அவ்வளவு ஈர்ப்பு, சுற்றியிருக்கும் சிலிகேட் குழம்பைவிட ஆயிரம் மடங்கு அளவுக்கு அதற்குள் போய்ச் சேரும். கனமான அந்தத் துளிகள் அடியிலேயே தங்கிவிட்டால், மேலே வருகிற மாக்மாவில் செம்பு இருக்காது. சல்ஃபேட்டாக இருந்தால் அந்தத் தொல்லை இல்லை, கந்தகமும் பல மடங்கு கூடுதலாகக் கரையும், செம்பும் குழம்பிலேயே இருக்கும். ஆண்டீஸ் மலைத்தொடர் மாதிரி கடல்தட்டு அடியில் நுழையும் இடங்களில் வரும் மாக்மா ஆக்சிஜன் ஏறியதாக இருப்பதும், அங்கேயே போர்ஃபிரி படிவுகள் வரிசையாக நிற்பதும் இதனால்தான். 1991இல் பினடூபோ எரிமலை வெடித்தபோது விழுந்த நுரைக்கல்லில் அன்ஹைட்ரைட், அதாவது கால்சியம் சல்ஃபேட், மாக்மாவிலேயே படிகமாகியிருந்தது. சல்ஃபேட் நிறைந்த மாக்மா என்பது வெறும் கற்பனை இல்லை என்பதற்கு அதைவிட நேரடியான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

இரண்டாவது தேவை தண்ணீர். மாக்மாவில் எடைக்கு 4 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் கரைந்திருந்தால் தண்ணீரை உள்ளே வைத்துக்கொள்ளும் ஆம்ஃபிபோல் என்ற கனிமம் சீக்கிரமே படிகமாகத் தொடங்கும், கால்சியமும் சோடியமும் உள்ள பிளாஜியோகிளேஸ் ஃபெல்ட்ஸ்பார் தாமதமாகும். இந்தச் சின்ன வரிசை மாற்றத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சிர்க்கானில் இது திரும்ப வரும்.

சரி, 10 கி.மீ. ஆழத்தில் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னால் இருந்த குழம்பில் ஆக்சிஜன் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று இன்று எப்படித் தெரியும்? பாறையை அப்படியே அரைத்து அளந்தால் பிரயோஜனம் குறைவு, ஏனென்றால் தாது உண்டான இடத்தில் பாறை சூடான திரவங்களில் ஊறி அடையாளம் தெரியாமல் மாறியிருக்கும். அங்கேதான் சிர்க்கான் கைகொடுக்கிறது. நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இல்மனைட், கார்னெட், மோனசைட்டோடு கிடக்கிறதே, அதே கனிமம்தான். மலை அரிந்து ஆறாகி மணலாகிக் கடலில் உருண்ட பிறகும் அது அழியாமல் கிடக்கிறது என்றால் அதன் உறுதியைப் புரிந்துகொள்ளலாம். சூடான அமிலத் திரவம் ஃபெல்ட்ஸ்பாரைக் களிமண்ணாக்கிய பாறையிலும் சிர்க்கான் பெரும்பாலும் பிறந்தபடியே இருக்கும். அதோடு யுரேனியம் ஈயமாகச் சிதைவதை வைத்து அதே துகளின் வயதையும் அளந்துவிடலாம்.

அது எப்படி ஆக்சிஜனைப் பதிவு செய்கிறது என்பது எனக்கு இன்றும் அலுக்காத விஷயம். சிர்க்கானின் படிகக் கூட்டில் சிர்க்கோனியம் உட்காரும் இடத்துக்கு மின்சுமை 4, அளவு 0.84 ஆங்ஸ்ட்ராம். சீரியம் என்ற அருமண் தனிமம் மாக்மாவில் இரண்டு விதமாக இருக்கும். மூன்று சுமையுள்ளதன் ஆரம் சுமார் 1.14 ஆங்ஸ்ட்ராம், நான்கு சுமையுள்ளதன் ஆரம் 0.97. சுமையும் பொருந்தி, அளவும் நெருங்கி வருவதால் நான்கு சுமை சீரியத்தைச் சிர்க்கான் விரும்பி உள்ளே விடும், மூன்று சுமையுள்ளதைப் பெரும்பாலும் வெளியே நிறுத்திவிடும். மாக்மாவில் ஆக்சிஜன் ஏற ஏற நான்கு சுமை சீரியம் கூடும், சிர்க்கானில் சீரியத்தின் அளவு பக்கத்துத் தனிமங்களை மீறி மேலே குதிக்கும். இன்னொரு அருமண் தனிமமான யூரோப்பியத்தின் கதை எதிர்த்திசை. ஆக்சிஜன் குறைந்தால் அதன் ஒரு பங்கு இரண்டு சுமைக்கு இறங்கும், அந்த இரண்டு சுமை யூரோப்பியம் கால்சியம் மாதிரி நடந்துகொண்டு பிளாஜியோகிளேஸுக்குள் போய்விடும், சிர்க்கானுக்குக் கிடைக்காது. அப்போது அருமண் தனிமங்களை வரிசையாக வைத்து வரைந்த வரைபடத்தில் யூரோப்பியம் இருக்கவேண்டிய இடத்தில் பள்ளம் விழும்.

2002இல் வடக்குச் சிலியில் சுக்கிகமாட்டா, எல் அப்ரா பகுதியின் பாறைகளை வைத்து வந்த ஆய்வு இதைத்தான் செய்தது. தாது தந்த பாறைகளின் சிர்க்கானில் நான்கு சுமை சீரியத்துக்கும் மூன்று சுமை சீரியத்துக்குமான விகிதம் 300க்கு மேல், யூரோப்பியப் பள்ளத்தின் விகிதம் 0.4க்கு மேல் (1 என்றால் பள்ளமே இல்லை என்று பொருள்). தாது தராத பக்கத்துப் பாறைகள் அதற்குக் கீழே. அன்றிலிருந்து இந்த 300, 0.4 என்ற எண்கள் உலகம் முழுக்கச் சுற்றிவருகின்றன.

இங்கேதான் நிதானம் வேண்டும். யூரோப்பியப் பள்ளம் ஆழமில்லாமல் இருக்க மாக்மாவில் ஆக்சிஜன் கூடுதலாக இருந்தது ஒரு காரணமாக இருக்கலாம். தண்ணீர் நிறைய இருந்து பிளாஜியோகிளேஸ் தாமதமானது இன்னொரு காரணமாக இருக்கலாம், முன்னால் சொன்ன அந்த வரிசை மாற்றம் இதுதான். இரண்டுமே தாதுவுக்கு நல்லது என்பதால் யாரும் அதிகம் கவலைப்படுவதில்லை. ஆனால் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. மாக்மாவில் டைட்டனைட் என்ற கனிமம் படிகமானால் அது யூரோப்பியத்தின் இரண்டு பக்கத்துத் தனிமங்களை அதிகமாக இழுத்துக்கொள்ளும், யூரோப்பியத்தைக் கொஞ்சம் விட்டுவிடும், அதனாலும் பள்ளம் நிரம்பியது போலத் தெரியும். அதற்கும் செம்புக்கும் சம்பந்தம் இல்லை. சீரியத்தில் இன்னொரு சிக்கல். அதன் குதிப்பை அளக்கப் பக்கத்திலிருக்கும் லாந்தனமும் பிரசியோடிமியமும் வேண்டும், அவை சிர்க்கானில் அளக்க முடியாத அளவுக்குக் குறைவு. 30 மைக்ரான் லேசர் புள்ளிக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு அபடைட் துணுக்கு மாட்டினால் போதும், லாந்தனம் பல மடங்கு ஏறி விகிதம் தலைகீழாகிவிடும். அதனால் இப்போது சீரியத்தோடு யுரேனியத்தையும் டைட்டானியத்தையும் சேர்த்து ஆக்சிஜன் நிலையைக் கணக்கிடும் முறையைப் பலர் பயன்படுத்துகிறார்கள், நானும் அதைத்தான் நம்புகிறேன்.

அப்புறம் இதெல்லாம் சரியாக வந்தாலும் சிர்க்கான் சொல்வது "இந்த மாக்மாவுக்குத் தகுதி இருந்தது" என்பது மட்டும்தான். எவ்வளவு மாக்மா இருந்தது என்று அந்த ஒரு துகளுக்குத் தெரியாது. மேலே போட்ட கணக்கை நினைத்துப் பாருங்கள், 5 கன கி.மீ. தகுதியான மாக்மா இருந்து என்ன பயன். ஆண்டீஸில் தகுதியுள்ள சிர்க்கான் கொண்ட, தாது ஒன்றும் இல்லாத பாறைகள் கிடைக்கத்தான் செய்கின்றன. ஆனால் தேடலின் ஆரம்பத்தில், ஆயிரம் சதுர கி.மீ. பரப்பில் எங்கே தொடங்குவது என்று தெரியாதபோது, ஆற்று மணலிலிருந்து சிர்க்கான் பொறுக்கி அளந்து எந்த நீரோடைப் பக்கம் போகலாம் என்று தீர்மானிக்க இதைவிட நல்ல வழி குறைவு.

அபடைட் சிர்க்கானுக்குத் துணைச் சாட்சி. அது கால்சியம் பாஸ்பேட், பாஸ்பரஸ் இடத்தில் கந்தகத்தைச் சல்ஃபேட்டாக ஏற்றுக்கொள்ளும், இன்னொரு இடத்தில் ஃபுளோரினையும் குளோரினையும் வைத்துக்கொள்ளும். ஆகவே மாக்மாவில் கந்தகமும் குளோரினும் எப்படி இருந்தன என்பதற்கு நேரடித் தடயம். குறை என்னவென்றால் அது சிர்க்கான் அளவுக்குக் கெட்டியான ஆள் இல்லை, பின்னால் வந்த சூடான திரவம் அதன் குளோரினை எளிதில் கழுவிவிடும். அதனால் பாறையில் தனியாக இருக்கும் அபடைட்டைவிட, சிர்க்கானுக்குள்ளே மாட்டிக்கொண்ட அபடைட்டுக்கு மதிப்பு அதிகம். மைக்ரோபுரோப்பில் (எலெக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சி ஒரு புள்ளியின் வேதியியலை அளக்கும் கருவி) ஃபுளோரின் அளக்கும்போது ஒரு எச்சரிக்கை: படிகத்தின் நீள அச்சு எலெக்ட்ரான் கற்றைக்கு இணையாக இருந்தால் அளந்துகொண்டிருக்கும்போதே ஃபுளோரின் இடம் மாறி எண்ணிக்கை ஏறும். படிகம் படுத்திருக்கும்படி பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

இப்போது மாக்மா மேலே ஏறிக் கெட்டியாகிறது, தண்ணீர் அதை விட்டு வெளியேறுகிறது. குளோரின் நிறைந்த அந்தத் திரவம்தான் செம்பை அள்ளிக்கொண்டு போகும் வண்டி. இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும்: கந்தகம் சல்ஃபேட்டாக இருந்ததால்தான் செம்பு தப்பித்தது என்றால், கடைசியில் சால்கோபைரைட் என்ற சல்ஃபைடாகப் படிய சல்ஃபைடு எங்கிருந்து வந்தது? திரவத்தில் கந்தகம் கந்தக டை ஆக்சைடாகப் பயணம் செய்கிறது. சுமார் 400 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிரும்போது அது தண்ணீரோடு வினைபுரிந்து தானே இரண்டாகப் பிரியும், 4 மூலக்கூறில் 3 கந்தக அமிலமாகவும் 1 ஹைட்ரஜன் சல்ஃபைடாகவும். ஹைட்ரஜன் சல்ஃபைடு செம்பைப் பிடித்து இறக்கும். அமிலப் பங்கு கால்சியத்தைப் பிடித்து அன்ஹைட்ரைட்டாகும், மிச்சம் ஃபெல்ட்ஸ்பாரைத் தின்று செரிசைட் என்ற நுண்ணிய வெள்ளை அப்ரகமாக்கும். போர்ஃபிரி படிவுகளில் தாதுவோடு அன்ஹைட்ரைட் கிடைப்பதும், மேலே வெளுத்துப்போன பாறை குடை மாதிரி இருப்பதும் இந்த ஒரே வினையிலிருந்து வருகின்றன. ஆழத்தில் சல்ஃபேட்டாக இருந்து காப்பாற்றியதும் மேலே சல்ஃபைடாக மாறி இறக்கியதும் அதே கந்தகம்தான்.

இந்தத் திரவத்தை இன்றும் பார்க்கலாம் என்பதுதான் ஆச்சரியம். குவார்ட்ஸ் வளரும்போது அதன் வெடிப்புகளில் மாட்டிய துளிகள், 20 மைக்ரான்கூட இருக்காது. நுண்ணோக்கியில் பார்த்தால் ஒரு துளிக்குள் ஒரு வாயுக் குமிழி, பக்கத்தில் கச்சிதமான ஒரு உப்புக் கட்டி, ஓரத்தில் கறுப்பாக ஒரு முக்கோணம். அந்த முக்கோணம் சால்கோபைரைட், திரவம் குளிர்ந்தபோது அந்தத் துளிக்குள்ளேயே படிந்தது. முதன்முதலில் பார்த்த அன்று நான் வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. சுடுமேடையில் வைத்துச் சூடாக்கினால் உப்புக் கட்டி கரையும் வெப்பநிலை, குமிழி மறையும் வெப்பநிலை இரண்டையும் குறித்து, எவ்வளவு உப்பு, எவ்வளவு சூடு என்று கணக்கிடலாம். சூரிச்சில் இருக்கும் இ.டி.எச். பல்கலைக்கழகக் குழு லேசரால் ஒவ்வொரு துளியையும் தனித்தனியாகத் திறந்து உள்ளிருக்கும் செம்பை அளக்கும் முறையை வளர்த்தது. 2005இல் பிங்கம் கேன்யனில் அதை வைத்துக் காட்டினார்கள்: திரவம் 425 டிகிரியிலிருந்து 350 டிகிரிக்குக் குளிரும் அந்தக் குறுகிய இடைவெளியில்தான் செம்பின் பெரும்பகுதி கீழே இறங்கியது. அதுவும் முதலில் வளர்ந்த குவார்ட்ஸோடு இல்லை, அது வெடித்துக் கரைந்து மறுபடி வளர்ந்த பிந்தைய குவார்ட்ஸோடு. எலெக்ட்ரான் கற்றையில் ஒளிரவைத்துப் பார்த்தால்தான் இந்த இரண்டு தலைமுறையும் தெரியும், சாதாரண நுண்ணோக்கியில் ஒரே வெள்ளைக் கல்லாகவே இருக்கும்.

ஆனால் இதிலும் ஒரு பாடம் பின்னால் வந்தது, அதை அவசியம் சொல்ல வேண்டும். இந்த அளவீடுகள் தொடங்கிய காலத்தில், உப்புத் துளிகளைவிட ஆவித் துளிகளில் செம்பு மிக அதிகமாக இருப்பதாகப் பல இடங்களிலிருந்து முடிவுகள் வந்தன, செம்பை ஆவிதான் தூக்கிப்போகிறது என்று நிறைய எழுதப்பட்டது. அப்புறம் சோதனைச் சாலையில் குவார்ட்ஸுக்குள் துளிகளை உண்டாக்கிப் பார்த்தபோது, செம்பு அயனி குவார்ட்ஸ் வழியாகவே நகரும், உள்ளிருக்கும் ஹைட்ரஜனோடு இடம் மாற்றிக்கொள்ளும் என்று தெரிந்தது. கந்தகம் உள்ள ஆவித் துளிகள் மாட்டிய பிறகு வெளியிலிருந்து செம்பை உறிஞ்சிக்கொண்டிருந்தன. கருவி காட்டிய எண் சரி, துளிக்குள் அவ்வளவு செம்பு இருந்ததும் உண்மை, மாட்டிய அன்று அது அங்கே இல்லை, அவ்வளவுதான். மூடிய பெட்டி என்று நாம் நம்புவது மூடியதுதானா என்று ஒவ்வொரு தனிமத்துக்கும் தனியாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

திரவம் போன வழியெல்லாம் பாறையை மாற்றிக்கொண்டே போகும். நடுவில் பயோடைட் (கறுப்பு அப்ரகம்), பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பார், மாக்னடைட். அதைச் சுற்றியும் மேலேயும் செரிசைட், பைரைட் (இரும்பு சல்ஃபைடு). வெளியே பச்சையாகக் குளோரைட், எபிடோட் (உப்பைக் குறிக்கும் குளோரைடு வேறு, இது அப்ரகம் மாதிரி தகடாக இருக்கும் ஒரு கனிமம்). இந்த வளையங்களைக் கண்ணால் பார்த்தே 1960களில் டேவிட் லோவெல் அரிசோனாவில் சாதித்தது இன்றும் வகுப்பில் சொல்லவேண்டிய கதை. சான் மானுவல் படிவின் வளையங்கள் பாதியில் அறுந்தது போல இருப்பதைப் பார்த்து, ஒரு பிளவு இந்தப் படிவை வெட்டி மற்ற பாதியை நகர்த்தியிருக்க வேண்டும் என்று கணித்து, துளை போட்டு அந்த இன்னொரு பாதியான கலமாஸூவைக் கண்டுபிடித்தார். அப்போது கையில் இருந்தது எந்தக் கனிமம் எங்கே என்ற படம் மட்டுமே.

இன்று அதே வளையத்துக்குள்ளும் தூரம் அளக்க முடிகிறது. வெளிவளையம் பல கி.மீ. அகலம், எங்கே பார்த்தாலும் ஒரே பச்சைப் பாறை, தாது எந்தப் பக்கம் என்று தெரியாது. குளோரைட்டில் டைட்டானியம் சூடு அதிகமானால் அதிகமாக நுழையும், ஸ்ட்ரான்சியம் வெளியே போகப் போகக் கூடும். இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் உள்ள பாட்டு ஹிஜாவில் 2015இல் வெளியான ஆய்வில், டைட்டானியத்தை ஸ்ட்ரான்சியத்தால் வகுத்த விகிதம் மையத்திலிருந்து விலக விலகச் சீராகச் சரிவதைக் காட்டினார்கள். குளோரைட்டில் இந்தத் தடயம் 5 கி.மீ. தூரம் வரைகூடத் தெரிந்தது. எபிடோட் இன்னொரு விதத்தில் உதவும், ஆர்சனிக்கும் ஆன்டிமனியும் அதில் மையத்தில் குறைந்து வெளியே கூடும், பிலிப்பைன்ஸின் பாகியோ பகுதியில் இதைப் பார்த்திருக்கிறார்கள். அரிசோனாவில் 1 கி.மீ.க்கும் கீழே புதைந்திருக்கும் ரெசல்யூஷன் படிவிலும் இந்த முறையைச் சோதித்து, மேலே கிடைத்த குளோரைட்டும் எபிடோட்டும் சரியான திசையைக் காட்டின. எனக்குக் கனிம வேதியியலில் மிகவும் பயனுள்ள பகுதி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன், சிர்க்கானை அல்ல.

நம் நாட்டில் ஒரு உதாரணம் வேண்டுமென்றால் மத்தியப் பிரதேசத்தின் பாலாகாட் மாவட்டத்தில் இருக்கும் மலாஞ்ச்கண்ட். கிரானைட்டுக்குள் பெரிய குவார்ட்ஸ் சுவர், அதோடு செம்பும் கொஞ்சம் மாலிப்டினமும். இது போர்ஃபிரியா இல்லையா என்று நெடுநாள் விவாதம், ஏனென்றால் போர்ஃபிரி படிவுகளில் பெரும்பாலானவை 10 கோடி ஆண்டுக்கும் இளையவை, மலை அரிந்து போகும்போது பழையவை அழிந்துவிடும். அங்கே மாலிப்டினம் சல்ஃபைடான மாலிப்டினைட் ஒரு பெரிய வேலை செய்தது. அந்தக் கனிமம் வளரும்போது ரீனியத்தை ஏற்கும், ஆஸ்மியத்தை ஏறத்தாழ ஏற்கவே ஏற்காது. ஆகவே இன்று அதில் இருக்கும் ஆஸ்மியம்-187 எல்லாம் ரீனியம்-187 சிதைந்து வந்தது, அளந்தால் நேரடியாக வயது. கிடைத்த வயது ஏறத்தாழ 249 கோடி ஆண்டு, கிரானைட்டின் வயதுக்கு நெருக்கமாக. தாது கிரானைட்டோடு சேர்ந்தே வந்தது என்ற பக்கத்துக்கு இது பலமான சான்று. அதனால் அது சிலிப் படிவுகளின் நேர் அண்ணன் என்று ஆகிவிடாது, வயது ஒத்துப்போவது ஒன்று, வழிமுறை ஒத்துப்போவது இன்னொன்று. அந்த விவாதம் நடக்கட்டும்.

கடைசிக் கட்டம் மழை. மேலே வந்த படிவில் பைரைட் ஆக்சிஜனேற்றம் அடைந்து அமிலமாகும், அமிலம் செம்பைக் கரைத்துக் கீழே கொண்டுபோகும், நிலத்தடி நீர்மட்டத்தில் அது சால்கோசைட் என்ற இன்னொரு செம்பு சல்ஃபைடாகப் படியும். சால்கோபைரைட்டில் செம்பு 34.6 சதவீதம், சால்கோசைட்டில் 79.8 சதவீதம், எஸ்கொண்டிடா மாதிரி இடங்களின் செல்வம் பெருமளவு இந்த மறுபடிவால் வந்தது. இங்கே செம்பின் ஐசோடோப்பு (எடையில் மட்டும் மாறுபடும் அணு வகை) பேசும், கரைந்துபோய் மறுபடி படிந்ததில் செம்பு-65 கூடுதலாகவும் மேலே மிச்சமிருந்த துருப்பாறையில் குறைவாகவும் இருக்கும்.

இனி உங்கள் புராஜெக்ட். பயோடைட்டை எடுங்கள். ஒரு முதுகலை மாணவருக்குக் கிடைக்கும் நேரத்தில், மைக்ரோபுரோப் ஒன்றே போதும் என்ற அளவில், மாக்மாவையும் திரவத்தையும் ஒரே ஸ்லைடில் (கண்ணாடியில் ஒட்டிய மெல்லிய பாறைச் சீவல்) பார்க்கக்கூடிய கனிமம் அதுதான். மாக்மாவில் வளர்ந்த பயோடைட் நல்ல வடிவத்தில், செம்பழுப்பாக, டைட்டானியம் கூடுதலாக இருக்கும். திரவம் உண்டாக்கியது சிதறிய செதில்களாக, வெளிர் பழுப்பாக, டைட்டானியம் குறைந்து மெக்னீசியம் கூடியிருக்கும். இரண்டையும் தனித்தனியாகக் குறித்து அளந்தால், குளோரின், ஃபுளோரின் எப்படி மாறின என்று எழுத உங்களிடம் விஷயம் இருக்கும். மெக்னீசியம் நிறைந்த பயோடைட் ஃபுளோரினை விரும்பும், இரும்பு நிறைந்தது குளோரினை விரும்பும், ஆகவே அந்தத் திருத்தத்தைச் செய்யாமல் நேரடி எண்களை ஒப்பிட வேண்டாம்.

ஒரு அனுபவம் சொல்கிறேன். நான் படித்த காலத்தில் 60 புள்ளிகள் அளந்து, தாதுவை நெருங்க நெருங்கப் பொட்டாசியம் குறைகிறது என்று அழகான ஒரு சரிவைக் கண்டுபிடித்தேன். என் வழிகாட்டி அட்டவணையைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் ஸ்லைடை நுண்ணோக்கியில் வைக்கச் சொன்னார். பயோடைட்டின் பிளவுகளுக்கு நடுவே மெல்லிய பச்சைக் கோடுகள், எல்லாம் குளோரைட். நான் அளந்தது இரண்டும் கலந்த கலவை. புதிதான பயோடைட்டில் பொட்டாசியம் ஆக்சைடு 9 முதல் 10 சதவீதம் இருக்கும், எல்லா ஆக்சைடுகளும் சேர்த்து மொத்தம் 95, 96 சதவீதம் பக்கம் வரும் (மிச்சம் புரோப் பார்க்காத தண்ணீர்). பொட்டாசியம் 8க்குக் கீழே போனால் அந்தப் புள்ளியைச் சந்தேகப்படுங்கள். 60இல் 23 புள்ளிகள்தான் எனக்கு மிஞ்சின, ஆனால் அந்த 23இல் மெக்னீசியம் உண்மையாகவே ஏறியது, கடைசியில் அதைத்தான் எழுதினேன்.

அதனால் புரோபுக்கு நேரம் வாங்குவதற்கு முன் ஒரு வாரம் நுண்ணோக்கியோடு உட்காருங்கள். எந்த பயோடைட்டை எது வெட்டுகிறது, சால்கோபைரைட் எந்தச் செதிலோடு ஒட்டியிருக்கிறது என்று ஒவ்வொரு ஸ்லைடுக்கும் கையால் படம் வரைந்து, அளக்கப்போகும் புள்ளிக்கு அதிலேயே எண் போட்டுக்கொள்ளுங்கள். புரோப் இரும்பின் மொத்தத்தைத்தான் தரும், இரண்டு சுமையா மூன்று சுமையா என்று பிரிக்காது, அந்தக் கணக்கை எப்படிப் போட்டீர்கள் என்று முறைகள் பகுதியில் மறக்காமல் எழுதுங்கள். ஃபுளோரினுக்குக் கருவிக்குள் இருக்கும் எந்தப் படிகத்தை வைத்து அளக்கிறார்கள் என்றும் கருவி பார்ப்பவரிடம் முதல் நாளே கேளுங்கள், சில படிகங்களில் இரும்பின் ஒரு எக்ஸ்-கதிர்க் கோடு ஃபுளோரினின் கோட்டின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும், பயோடைட்டில் இரும்புக்குப் பஞ்சமே இல்லை. ஸ்லைடுகளில் படம் எடுத்த பிறகு எந்தப் புள்ளியை வைப்பது, எதை விடுவது என்று சந்தேகம் வந்தால் படத்தோடு கேளுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.